மறு ஏலத்துக்கு வந்த கறவை ஆடு

அந்த ஆண்டின் அறுப்பின் பண்டிகைக்கு முன்பு என் நிலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். உச்சிப்புளிக்குக் கிழக்கே, கடலை ஒட்டி இருந்த எங்கள் சபையில் பி.ஏ. தேறியவன் நான் ஒருவனே. மிஷன் நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியராகவும் சபைக் கமிட்டியின் செயலாளராகவும் இருந்தேன். ஆலயத்தில் எனக்கென்று தனி நாற்காலி கிடையாது. ஆனால் இரண்டாவது பெஞ்சியின் சுவரோர இடத்தில் வேறு எவரும் அமர்ந்ததில்லை. என் கைவழியே சென்ற சபைப் பணத்தில் ஒரு காசு குறைந்ததென்று என்னைப் பிடிக்காதவர்களும் சொன்னதில்லை.

நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆலயத்தின் ஓலைக்கூரையில் பாதியை ஐப்பசிக் காற்று கொண்டுபோய்விட்டது. ஓடு போடுவதென்று கமிட்டி தீர்மானித்தது. அதற்காக ஆராதனையில் வாசிக்க ஓர் அறிக்கை வேண்டுமென்றார் போதகர். எழுதியவனும் நான், மூன்று ஞாயிறுகள் வாசித்தவனும் நான். தேவனுக்கு மிச்சத்தைக் கொண்டுவராமல், வீட்டில் உள்ளவற்றுள் நல்லதைக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் சாரம். நன்றாக அமைந்த அறிக்கை என்று அப்போது எண்ணினேன். இப்போதும் அதன் வாசகத்தில் பிழை காண என்னால் முடியவில்லை.

எங்கள் பண்டிகையின் முறையை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். சபையார் தங்கள் விளைச்சலையும் வளர்ப்பையும் ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் மேசை போட்டு அவை ஏலம் விடப்படும். நாலணா பெறாத சுரைக்காயை மூன்று ரூபாய்க்கு எடுப்பார்கள். எடுத்தவர் விரும்பினால் அதை மீண்டும் மேசையிலேயே வைத்துவிடலாம். அதற்கு மறு ஏலம் என்று பெயர்; இரண்டு விலையும் ஆலயத்துக்கே சேரும். ஒரே சுரைக்காய் நான்கு முறை விலைபோனதை நான் கண்டிருக்கிறேன். அதிக விலை கொடுப்பது அங்கே ஏமாளித்தனம் ஆகாது, அது பக்தி.

பண்டிகையன்று போதகர், தன்னிடம் இருந்த இரண்டு காசையும் காணிக்கையாகப் போட்ட வேதாகம விதவையைப் பற்றிப் பிரசங்கித்தார். ஆராதனை முடிந்து நான் முற்றத்துக்கு வந்தபோது, பள்ளிக்கூடத்தின் பின்புறம் குடியிருந்த ஒரு பெண், இடுப்பில் எட்டு மாதக் குழந்தையும் கையில் கயிறுமாக நின்றாள். கயிற்றின் மறுமுனையில் அவளுடைய கறவை வெள்ளாடு. கணவன் பிழைப்புக்காக இலங்கைக்குப் போய் ஓராண்டாகக் கடிதமும் இல்லை, பணமும் இல்லை. காய்ச்சலில் விழுந்தெழுந்தபின் அவளுக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. குழந்தை அந்த ஆட்டின் பாலில் வளர்ந்ததை என் வகுப்பறைச் சன்னல் வழியாக நாள்தோறும் பார்த்தவன் நான்.

அருகே சென்று தாழ்ந்த குரலில் கேட்டேன். "என்னம்மா இது? பிள்ளைக்குப் பால்?"

"பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டப்பவே பொருத்தனை பண்ணிட்டேன் சார். பொழைச்சா நல்லதா ஒண்ணு கொண்டாந்து விடுறேன்னு."

"ஒரு கோழியைக் கொடுத்தால் போதாதா?"

"நீங்கதான சார் வாசிச்சீக, மிச்சத்தக் கொண்டாராத, நல்லதக் கொண்டான்னு? எங்கிட்ட நல்லதுன்னு இருக்கது இது ஒண்ணுதான்."

போதகரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொருத்தனையைத் தடுக்க நமக்கு அதிகாரம் ஏது சார்? அதுவும் உங்கள் அறிக்கைக்கு அப்புறம்" என்றார்.

ஆட்டை நானே எடுத்து அவளிடம் கொடுத்துவிடுவதென்று முடிவு செய்தேன். முந்தின நாள்தான் சம்பளம் வாங்கியிருந்தேன். எழுபது ரூபாய் சட்டைப்பையில் இருந்தது.

போதகருக்கு உதவியாக இருந்த உபதேசியார்தான் ஏலம் விடுபவர். அவர் மேசைமேல் தட்டினார். "கொம்பு ரெண்டு, காம்பு ரெண்டு, கொறை ஒண்ணுமில்ல! கேளுங்க!"

நான் பத்து ரூபாய் என்றேன். கருவாட்டு வியாபாரத்தில் முன்னுக்கு வந்த ஒரு முதலாளி எங்கள் சபையில் இருந்தார். அவர் பதினைந்து என்றார். நான் இருபது. அவர் இருபத்தைந்து. சந்தையில் அதன் விலை அவ்வளவுதான்.

"என்ன சார், ஆட்டுக்கு எட்டாங் கிளாஸ்ல எடம் போட்டாச்சா?" என்றார் முதலாளி. முற்றமே சிரித்தது.

"விடாதீக மொதலாளி! ஓடு பூராவும் இன்னைக்கே வந்துரும்!" என்று எவரோ கூவினார்.

எதற்காகக் கேட்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார். சொல்லவில்லை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்று கற்று வளர்ந்தவர்கள் நாங்கள். நான் செய்யப்போகும் தருமத்தை நானே முற்றத்தில் அறிவிப்பதா? நான் பேசாமல் இருந்ததை அவர் அறைகூவலாக எடுத்துக்கொண்டார். நான் ஏற ஏற அவரும் ஏறி ஐம்பத்தெட்டுக்கு வந்தார். நான் அறுபது என்றேன். அவர் சிரித்துக் கைகூப்பினார். மூன்று தரம் சொல்லி ஆடு எனக்கு வந்தது.

கயிற்றை அவள் கையில் வைத்தேன். "வீட்டுக்குப் பிடித்துக்கொண்டு போம்மா."

அவள் பின்வாங்கினாள். "ஐயோ, கர்த்தருக்குன்னு விட்டத எப்பிடி சார் திரும்பப் பிடிச்சுட்டுப் போறது? பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் வந்தா?"

அவள் நேரே போய்க் கயிற்றை மேசைக்காலில் கட்டிவிட்டாள். உபதேசியார் அதைக் கண்டார். வழக்கப்படி பொருள் கொண்டார். "ஹெட்மாஸ்டர் சார் மறு ஏலத்துக்குக் கொடுத்துருக்காக!" என்று முழங்கினார். கைதட்டல் எழுந்தது. போதகரும் தட்டினார்.

என்னிடம் பத்து ரூபாய் இருந்தது. முதலாளி எடுத்த எடுப்பிலேயே இருபது என்றார். பிறரிடம் கைநீட்டி எனக்குப் பழக்கமில்லை. "ஒரு தரம், ரெண்டு தரம்" என்ற குரல் காதில் விழுந்தது. அத்தனை பேர் எனக்காகக் கைதட்டிக்கொண்டிருக்கையில் வாய் திறக்க என்னால் ஆகவில்லை. மூன்றாம் தரமும் சொல்லிவிட்டார்கள். அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். சுமை இறங்கியவளின் சிரிப்பு அது.

மறுநாள் பள்ளி முடிந்ததும் முதலாளி வீட்டுக்குச் சென்று உள்ளதைச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஒரு வார்த்தை சொல்லப்படாதா சார்? காலையிலதான் மச்சினன் கூட பரமக்குடிக்கு ரயிலேத்தி விட்டேன்." உடனே ஆள் அனுப்பினார். அதற்குள் அது அங்கே சந்தையில் கைமாறிவிட்டது. அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

எங்கள் வீட்டுப் பசும்பாலை நாள்தோறும் அவளுக்குக் கொடுத்தனுப்ப ஏற்பாடு செய்தேன். குழந்தைக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றுப்போக்கு கண்டது. ஐந்தாம் நாள் என் மனைவி செம்பைத் திருப்பிக் கொண்டுவந்தாள். குடிசைக் கதவு கயிற்றால் கட்டியிருந்ததாம், உள்ளே எவரும் இல்லையாம். கருவாடு காயப்போடும் வேலைக்கு மண்டபம் பக்கம் போனதாகச் சிலரும், புதுமடத்துக்கு என்று சிலரும் சொன்னார்கள். இரண்டு ஊர்களுக்கும் போய் விசாரித்தேன். அவளைப் பார்த்தவர் இல்லை. குழந்தை பிழைத்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பங்குனியில் கூரைக்கு ஓடு வேய்ந்தோம். அடுத்த மழையில் ஆலயத்துக்குள் ஒரு சொட்டும் விழவில்லை. இரண்டாவது பெஞ்சியில் என் இடம் அப்படியே இருந்தது.

முதலாளியை மட்டந்தட்டவே நான் ஏலம் கேட்டேன் என்று சிலர் இன்னும் பேசுகிறார்கள். அது பொய். ஏழைத் தாயின் ஆட்டைத் தலைமையாசிரியர் தம் சம்பளத்தால் மீட்டு அவளிடமே கொடுத்தார் என்று சபையின் நினைவு மலரில் அச்சிட்டிருக்கிறார்கள். அதுவும் உண்மையன்று. ஆடு அவளிடம் திரும்பிப் போகவில்லை.