கடற்கன்னியை அவர் எடுக்கவில்லை

அருளப்பன் அண்ணன் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது, நான் இத்தனை வருடமாகச் செய்தி அனுப்பிவரும் அதே நாளிதழ்தான். காலை ரயிலில் வந்த நாளிதழ்க் கட்டை இராமநாதபுரம் நிலையத்திலேயே பிரித்தேன். ‘கடற்கன்னியைப் படம் பிடித்த பாம்பன் கலைஞர் காலமானார்’ என்று போட்டிருந்தது. அழுகை அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். செத்த பிறகும் ஒரு மனிதனை விடமாட்டார்களா? அதே ரயிலில் ஏறிப் பாம்பன் போனேன்.

அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் ஸ்டூடியோவில் உட்காராத மாப்பிள்ளை, பெண் நம் பக்கத்தில் குறைவு. நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்து அம்மைத் தழும்பை மறைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் எங்கே தொடக்கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். ஒருமுறை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்த பனிக்கரடிப் படத்தைக் காட்டி, பனிக்காட்டில் எப்படித்தான் எடுத்தார்களோ என்று வியந்தேன். “மிருகக்காட்சிச் சாலைல எடுத்ததுலே. காலுக்குக் கீழ சிமெண்டு தெரியுது பாரு. கூண்டுல எடுத்தா கூண்டுல எடுத்தேன்னு எழுதணும். அதுல என்ன கேவலம்?” என்றார்.

பரமக்குடித் திருவிழாவுக்கு ஒரு கண்காட்சிக்காரன் வந்தான். நம் கரையில் ஆவுளியா என்போமே, அந்தக் கடல்பசு ஒன்றை உயிரோடு சிமெண்டுத் தொட்டியில் போட்டு, வாசலில் ‘கடற்கன்னி’ என்று பலகை மாட்டியிருந்தான். கூட்டத்தில் விற்கப் படம் வேண்டும், முகத்தை மட்டும் பெண்ணாக்கிக் கொடுங்கள் என்று அண்ணனைக் கேட்டான்.

“பொண்ணுக்குத் தழும்ப மறைச்சா ஒரு கல்யாணம் நடக்கும். இதுக்கு மூஞ்சி வரைஞ்சா என்னய்யா நடக்கும்? செவுத்துல முட்டி முட்டி மூக்கெல்லாம் புண்ணாக் கெடக்கு. அதப் பாக்கலயா நீ?”

அந்தப் புண் தெரியும்படியே எடுத்தார். பின்புறம் ‘கடல்பசு. தொட்டியில் எடுத்தது’ என்று எழுதி, நாளிதழுக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தார். அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெண் முகம், தோள்வரை கூந்தல், சுற்றிலும் அலை. ‘நடுக்கடலில் கடற்கன்னி. படம்: பாம்பன் அருளப்பன்.’ அந்த வாரமே தொட்டியில் அது செத்துப்போனது.

அண்ணன் நேரே என் வீட்டுக்கு வந்தார். “நான் வரையலன்னு எழுதுலே. நாலு வரி போதும்.” எழுதினால் வேலை போய்விடும் என்று பயந்து, “பார்ப்போம்ணே” என்றேன். அந்தப் பார்ப்போம் ஒன்பது வருடம் நீண்டது. கோழை என்று என்னைச் சொல்ல யாரும் சிரமப்பட வேண்டாம். நானே சொல்லிக்கொள்கிறேன்.

அவர் சும்மா இருக்கவில்லை. கடல்பசுவைக் கடலிலேயே எடுக்க, காமிராவைப் பிளாஸ்டிக் துணியில் சுற்றிக்கொண்டு மீன்பிடி வள்ளத்தில் போனார். “கறிக்குப் போற சீவனுக்குப் போட்டாவாண்ணே?” என்று வள்ளத்துக்காரர் சிரித்தாராம். பதினோரு தடவை போனதில் ஒரே ஒரு படம் தேறியது. மூச்சு விட மேலே வந்த ஒரு முதுகு, ஒட்டினாற்போல் குட்டியின் முதுகு. அதையும் அனுப்பினேன். ‘படத்தில் ஒன்றுமே இல்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள். புளுகுக்கு அரைப் பக்கம் கொடுத்தவர்களுக்கு இதற்கு ஒரு மூலை இல்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் அண்ணி என்னை நிறுத்தினார்.

“கடைசி நாளும் கேட்டாக தம்பி, அவன் எழுதிட்டானான்னு. தம்பி எழுதிட்டாருன்னு பொய் சொல்லிட்டேன். சரின்னு கண்ண மூடிக்கிட்டாக.”

பொய்க்கு இடம் கொடுக்காத மனிதரை ஒரு பொய்யோடு அனுப்பிவைத்திருக்கிறேன். என் பயத்துக்காக அண்ணி அதைச் சுமக்கிறார்.

அருளப்பன் கடற்கன்னியை எடுக்கவில்லை. தொட்டியில் கிடந்த கடல்பசுவை எடுத்தார். முகம் வரைந்தது நாளிதழ். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது நான். அவர் கேட்டது இந்த நாலு வரிதான்.

கடலில் எடுத்த அந்தப் படத்தை அண்ணி என்னிடம் கொடுத்தார். வாங்கும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் வாங்கி வைத்திருக்கிறேன்.