‘அறை இருக்கிறது’ என்று ஸ்பானிஷில்

கனடாவுக்கு வரும் வழியில் ஒரு மழைக்காலம் முழுவதும் எக்குவடோரில் இருந்தேன். பயண முகவர் எங்களை ஒரு வீட்டில் விட்டுத் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டுப் போனார். யன்னல் பக்கம் போகக்கூடாது, எங்கள் சத்தம் வெளியே கேட்கக்கூடாது. அங்கிருந்து வெளியேறியபோது எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் இவ்வளவுதான்: தண்ணீர், பொலிஸ். அதற்கு முன் தாய்லாந்து, அதற்கும் முன் கட்டார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போன இடங்களில் வேலைக்கு வேண்டிய சொற்களை மட்டும் பொறுக்கிக்கொள்வேன். அடுத்த இடத்தில் அவை மறந்துபோகும்.

ஸ்பானிஷைப் பேசிப் பழகியது கனடா வந்தபின், ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில். அங்கே புதிதாகக் கட்டும் வீடுகளை, சொந்தக்காரர் குடிவருவதற்கு முன் சுத்தம் செய்துகொடுப்பது எங்கள் வேலை. யன்னல் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாளைச் சுரண்ட வேண்டும், சுவர்த் தூசியை உறிஞ்ச வேண்டும், தரையில் சிந்திய பெயின்ற் பொட்டுகளைப் பிளேட்டால் எடுக்க வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு வீடு. எனக்குச் சோடியாகக் கிடைத்தவன் எக்குவடோர்காரன். அவனுக்கு ஆங்கிலம் வராது. எனக்கு வருவதும் வேலைக்கு மட்டும்தான். ஆகவே வீட்டிலிருந்தே தொடங்கினோம். அவன் கதவைத் தொட்டு ஒரு சொல் சொல்வான், படியைத் தொட்டு ஒரு சொல் சொல்வான், நான் திருப்பிச் சொல்வேன். கோடை முடிவதற்குள் வசனங்கள் வந்துவிட்டன. அவன் என்னை ‘பிளாக்கோ’ என்று கூப்பிட்டான். ஒல்லியன் என்று அர்த்தம்.

“என் நாட்டில் அத்தனை நாள் இருந்துவிட்டு நீ கடலைப் பார்க்கவில்லையா, பிளாக்கோ?” என்று ஒருநாள் கேட்டான்.

“திரைச்சீலையைப் பார்த்தேன்” என்றேன். “பச்சை நிறம்.”

சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அதன்பிறகு கூட்டிப் பெருக்கும்போதெல்லாம் தன் நாட்டில் ஒரு தெருவையோ, ஒரு மீன் கறியையோ, ஒரு பேருந்துப் பயணத்தையோ சொல்லிக்கொண்டு வருவான். பாதி விளங்கும். மீதியைக் கைகளால் சொல்வான்.

எங்களைக் காலையில் வோபர்ன் சந்தியில் ஏற்றி மாலையில் அங்கேயே இறக்கும் வேலை வானை ஓட்டியவர் ஒரு தமிழ் அண்ணை. வேலைக்குப் பொறுப்பும் அவர்தான்.

“தமிழையே ஒழுங்காய்ப் படிக்கேல்லை, உனக்கு ஸ்பானிஷ் ஒரு கேடோ?” என்பார். “உந்த நேரத்துக்கு இங்கிலீஷைப் படிச்சாலும் நல்ல வேலைக்குப் போகலாம்.”

“இங்கிலீஷிலை ஆர் அண்ணை என்னோடை கதைக்கினம்?” என்றேன். அவர் வானொலிச் சத்தத்தைக் கூட்டினார்.

இலையுதிர்காலத்தில் அவன் குடியிருந்த பேஸ்மென்ற் வீடு விற்பனையாகிவிட்டது. மாதம் முடிவதற்குள் வெளியேற வேண்டும். பார்த்த அறைகளெல்லாம் கைக்கெட்டாத வாடகை. இங்கே இடம் கிடைக்காவிட்டால் மேற்கே, அல்பேர்ட்டாவில் தெரிந்தவர் ஒருவரிடம் போவதாகச் சொன்னான். நான் இருந்த பேஸ்மென்றில் பக்கத்து அறை சும்மா கிடந்தது. அவன் போய்விட்டால் நாள் முழுவதும் நான் யாரோடு வாய் திறப்பேன் என்ற கவலைதான் எனக்கு முதலில் வந்தது. அவனிடம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கார அன்ரியிடம் போனேன். ஆசை காட்டிவிட்டுப் பிறகு இல்லையென்று சொல்ல எனக்கு விருப்பமில்லை.

“தமிழ் ஆளெண்டால் யோசிக்கமாட்டன் தம்பி. உவையள் இரவிரவாய்ப் பாட்டுப் போடுவினம்.”

“அவன் பாட்டுக் கேக்கிற ஆளில்லை அன்ரி.”

“மாட்டிறைச்சி?”

“வீட்டிலை சமைக்கமாட்டான். நான் பொறுப்பு.”

முடிவெடுக்க அன்ரிக்கு ஒரு கிழமை தேவைப்பட்டது. அந்தக் கிழமை முழுவதும் நான் ஒரு வசனத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். ‘ஆய் உன் குவார்த்தோ என் மி காசா.’ என் வீட்டில் ஓர் அறை இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை, நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது அன்ரி மேலிருந்து, “சரி, கூட்டிக்கொண்டு வா, முகத்தைப் பாப்பம்” என்றா.

அன்று பார்த்து அண்ணை எங்களை வேறு வேறு வீடுகளுக்கு அனுப்பினார். வானிலும் நான் முன் இருக்கையில், அவன் பின்னால். இத்தனை பேருக்கு நடுவில் சொல்லும் விஷயமில்லை, இறங்கியதும் சொல்லலாம் என்று இருந்தேன். வோபர்னில் இறங்கினோம். அவன் வானின் பின்கதவைத் திறந்து ஒரு பெரிய பயணப்பையை இழுத்தெடுத்தான். என் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் குலுக்கினான். என் முகத்தைப் பார்த்தான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பை நோக்கி நடந்தான்.

எங்கே போகிறாய் என்று கேட்க ஸ்பானிஷில் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பையோடு வெளிக்கிட்டவனிடம் எங்கள் வீடுகளில் அதைக் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். அடியெடுத்து வைத்தவனைப் பின்னாலிருந்து கூப்பிடுவதுமில்லை. எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பழக்கங்களை விட்டிருக்கிறேன். இது மட்டும் வாயைப் பிடித்துக்கொண்டது. சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எங்கோ கொண்டுபோய் வைக்கிறான், மாதம் முடிய இன்னும் நாள் இருக்கிறது, திங்கட்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டான்.

திங்கட்கிழமை வானில் அவனுடைய இடத்தில் வேறொருவன் இருந்தான்.

“உனக்குச் சொல்லேல்லையோ?” என்றார் அண்ணை. “அல்பேர்ட்டாவுக்குப் போட்டான். வெள்ளிக்கிழமையே சம்பளக் கணக்கெல்லாம் முடிச்சிட்டான். நீங்கள் ரெண்டுபேரும் நாள்முழுக்க என்னத்தைத்தான் கதைச்சனீங்கள்?”

அவனைத் தொலைபேசியில் பிடிக்கச் சில வாரங்கள் ஆயின. இறைச்சி வெட்டும் இடத்தில் வேலை, கடுங்குளிர் என்றான். கைகள் இல்லாமல் பேசுவது எங்கள் இருவருக்கும் சிரமமாக இருந்தது. கடைசியில் அந்த வசனத்தைச் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை அறை இருந்தது என்றேன்.

“என் பையைப் பார்த்தாய்தானே, பிளாக்கோ. நீ ஒன்றும் கேட்கவில்லை. முதலாளி உனக்குச் சொல்லியிருப்பார், நான் போவதில் உனக்குக் கோபம் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் நின்றிருப்பேன்.”

ஏன் கேட்கவில்லை என்று விளக்கப் பார்த்தேன். எங்களிடம், பயணம், கேட்பதில்லை, கூடாது. என்னிடமிருந்த சொற்கள் அவ்வளவுதான். அவற்றை வைத்துக் கட்டியது அவனுக்கு விளங்கவில்லை. கேட்பது கூடாதா, யார் சொன்னது என்றான். பிறகு, அந்த அறை இப்போதும் இருக்கிறதா என்று கேட்டான்.

முதலாம் திகதியே அன்ரி அதைக் கல்லூரியில் படிக்கும் ஒரு பெடியனுக்குக் கொடுத்துவிட்டா.

“இல்லை” என்றேன்.

“சரி” என்றான். ரொறன்ரோவில் பனி கொட்டத் தொடங்கிவிட்டதா என்று கேட்டான். இன்னும் இல்லை என்றேன். அங்கே முழங்கால் வரை கிடக்கிறதாம்.