தலைப்பிரசவத்துக்கு வந்தவள்

ஜார்ஜ் டவுனில் பெண் பிள்ளைகளின் அநாதை விடுதியை நான் கவனித்துவந்த காலம் அது. முந்தின வருஷம் நாங்கள் கட்டிக்கொடுத்த பெண், ஏழு மாத வயிற்றோடு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். கையில், கல்யாணத்தன்று நாங்கள் கொடுத்தனுப்பிய அதே தகரப்பெட்டி.

“தலைப்பிரசவம் அம்மா வீட்லதானாம். அத்தை அனுப்பிட்டாங்க” என்றாள்.

மணமாகிப் போனவர்களுக்கு விடுதியில் இடம் கிடையாது. அந்த விதியை நிதானமாகச் சொன்னேன்.

“உனக்கு யாரு இருக்கான்னு அத்தை கேட்டாங்கம்மா. இருக்காங்கன்னு சொல்லிட்டேனே.”

நான் காப்பி கொடுத்தேன். குடித்ததும் குவளையைக் கழுவி, அலமாரியில் தன் பழைய இடத்திலேயே கவிழ்த்துவைத்தாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

வந்த ரிக்‌ஷா வாசலிலேயே நின்றிருந்தது. அவள் உள்ளே நுழையும்போதே அதைக் காத்திருக்கச் சொல்லியிருந்தேன்.