பாப்பாயி சொல்லாமல் விட்ட வாரம்

ராசிபுரம் போகும் சாலையோரம் சனிக்கிழமை தோறும் கூடிய சந்தையில் பாப்பாயி பதினோரு வருடமாகக் கம்பும் ராகியும் விற்றுவந்தாள். புருஷன் இல்லை. வெள்ளாமைக் காட்டுக்காரர்களிடம் மூட்டையாக வாங்கி, தறிக்கார வீட்டுப் பெண்களுக்குப் படிக்கணக்கில் அளந்து போடுவாள். வாரக்கூலி கிடைத்த கையோடு அவர்கள் வந்து வாங்கினால்தான் அந்த வீடுகளில் உலை கொதிக்கும். இவள் வீட்டிலும் கொதிக்கும்.

1923ஆம் வருடம், மாசி மாதக் கடைசி. பட்டப்பகலில் மூட்டைக்கு அடியிலிருந்து ஓர் எலி தள்ளாடி வெளியே வந்தது. ஆட்களைக் கண்டும் ஓடவில்லை. அவள் காலடியில் இரண்டு சுற்றுச் சுற்றி விழுந்து செத்தது. மூட்டைக்கு அடியில் விரித்திருந்த வைக்கோலை விலக்கிப் பார்த்தாள். இன்னும் மூன்று கிடந்தன.

பக்கத்தில் மிளகாய் விற்ற செங்கோட்டையனும் பார்த்துவிட்டான். எலி விழுந்த ஊர்களைச் சர்க்கார் ஆட்கள் என்ன செய்தார்கள் என்று இருவரும் கேள்விப்பட்டிருந்தார்கள்.

"வாயத் தொறக்காதீங்கக்கா," என்றான் அவன். "பிளேக்குன்னு தெரிஞ்சா சந்தைய மூடிப்போடுவாங்க. நாம எங்க போறதுங்க?"

பாப்பாயி குழி தோண்டினாள். எலிகளைப் புதைத்துச் சாம்பலைக் கொட்டினாள். அதே மூட்டையிலிருந்து பொழுது சாயும்வரை அளந்தாள்.

அடுத்த சனிக்கிழமை உண்ணாமலை வரவில்லை. வாரம் தவறாமல் இவளிடமே கம்பு வாங்கும் தறிக்காரர் வீட்டுப் பெண். விசாரித்தபோது, தொடையிடுக்கில் கட்டி கிளம்பி மூன்றாம் நாளே போய்விட்டாள் என்றார்கள். மாமியாருக்கும் காய்ச்சலாம்.

பாப்பாயி கடையை அப்படியே போட்டுவிட்டுக் கிராம முன்சீப்பிடம் நடந்தாள். சந்தையில் எலி விழுகிறது என்றாள். எப்போதிருந்து என்று அவர் கேட்டார்.

"இன்னிக்குத்தானுங்க பாத்தேன்."

இரண்டே நாளில் சர்க்கார் ஆட்கள் வந்து சந்தைக் கொட்டகைகளைக் கொளுத்தினார்கள். தறிக்காரர்கள் தெருவைக் காலி செய்து காட்டில் குடிசை போட்டார்கள். ஏழு மாதம் சந்தை கூடவில்லை. தறித்தெருவில் மட்டும் பதினான்கு பேர் செத்தார்கள். பிழைப்பில் மண்ணைப் போட்டவள் என்று சந்தைக்காரர்கள் பாப்பாயியை வழியில் கண்டபோதெல்லாம் ஏசினார்கள். அதை அவள் கேட்டுக்கொண்டாள்.

ஒருநாள் உண்ணாமலையின் ஓரகத்தி அத்தாயி, காட்டிலிருந்து தேடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லலீன்னா எங்கூட்டுல மிச்சமிருக்கறவங்களும் போயிருப்போமுங்க."

பாப்பாயி கையை உருவிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஐப்பசியில் சந்தை மறுபடி கூடியது. அவள் வரவில்லை. புதுச்சத்திரம் பக்கம் ரோட்டுக்குக் கல் உடைக்கப் போய்விட்டாள். கடைசிவரை அந்தக் கூலியிலேயே இருந்தாள்.