லும்பினிக்குப் போன வண்டியும் விளக்கெண்ணெய்த் துணியும்

புத்த பூர்ணிமா அன்று லும்பினியில் இருக்க வேண்டும் என்று சென்னைப் புளியந்தோப்பில் எங்கள் பௌத்த சங்கம் முடிவு செய்தது. கோரக்பூர் வரை ரயில். அங்கிருந்து நேபாளத்துக்குள் டூரிஸ்ட் பஸ். முதலில் காட்மாண்டு, கடைசியில் லும்பினி. சங்கக் கூடத்தில் ஆளாளுக்குப் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான், என் வண்டியிலேயே வருகிறேன் என்றேன்.

அந்தக் கூடத்தில் நான் அதுவரை வாயைத் திறந்ததில்லை. பேசியது நான்தானா என்று முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாம்மா சொல்றே? நேபாளம்னா இன்னா மூலக்கடையா, ஒரு எட்டு பூட்டு வர்றதுக்கு?" என்றார் சங்கத் தலைவர்.

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரின் அக்கா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "அந்த வண்டி கும்முடிப்பூண்டி தாண்டாது. தாண்டுச்சுன்னா என் பேர மாத்திக்கிறேன்."

எனக்குப் பேச்சு அவ்வளவுதான் வரும். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். நாற்பதை நெருங்கும்போதுதான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். யாரோ ஓட்டிச் சலித்த ஒரு டீசல் காரை வாங்கி, அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிப் போய் இறக்கிவிட்டு வருகிறேன். வெளுத்த சட்டையோடு ஏறுகிறவர்கள் சாம்பல் நிறச் சட்டையோடு திரும்புவார்கள். இத்தனை வருடமாக அவரவர் போக வேண்டிய இடத்துக்கு அவரவரைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். நான் போக வேண்டிய இடம் என்று ஒன்று வந்தபோது, யாரோ ஓட்டும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போக மனசு வரவில்லை. இதில் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. என் கையால் ஓட்டிக்கொண்டு போய் லும்பினியில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அத்திப்பட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அங்கே காற்றில் எப்போதும் சாம்பல் இருக்கும். காலையில் துடைத்த கண்ணாடியில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். அது எஞ்சினுக்குள் போகாமல் இருக்க, பழைய பனியன் துணியை விளக்கெண்ணெயில் நனைத்துப் பிழிந்து, ஏர் பில்டர் மேல் போர்த்தி மூடிவிடுவோம். சாம்பல் எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் துணி சிமெண்டு பூசியதுபோல் விறைத்துக் கிடக்கும். ஸ்டாண்டில் எல்லா வண்டியிலும் இந்தத் துணி இருக்கும். யாருக்காவது மீட்டர் பக்கத்தில் அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால், "சாம்பல் பூந்துகிச்சு, துணிய மாத்து" என்பார்கள். மாற்றுவோம். அணைந்தாலும் அணையும், எரிந்தாலும் எரியும். அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை.

கிளம்பும்போது என் கணவர் ஒரு பை நிறைய பனியன் துணியும் விளக்கெண்ணெயும் எடுத்து வைத்தார். அவர் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை இறக்குகிறவர். வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் யார்டில் பீகார்க்காரர்களோடு வேலை செய்து இந்தி சரளமாக வரும். வண்டிக்குத் துணி போடுவது அவர் பொறுப்பு. அவருடைய அக்காவும் கூட வந்தார். "இதுங்க ரெண்டும் வழில இன்னா ஆவுதுன்னு பாக்க ஒரு ஆளு வேணும்ல" என்று எங்களிடமே சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறினார். நாங்கள் கும்மிடிப்பூண்டியைத் தாண்டியபோது அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

நாக்பூர் பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கில் கணவர் பானட்டைத் திறந்து துணி மாற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். "வண்டி என்ன கைக்குழந்தையா, இடுப்புத் துணி மாத்திவிடறீங்க?" என்று இந்தியில் கேட்டார். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கணவருக்கு முகம் செத்துப்போனது. அன்றிலிருந்து வெளியாள் யாராவது பானட் பக்கம் வந்தால் போதும், முதல் வேலையாகத் துணியை உருவி சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவார். அவர்கள் போனதும் புதிதாக எண்ணெய் விட்டுப் பழையபடி போர்த்துவார்.

எல்லையில் வண்டிக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, சங்கத்து பஸ்ஸுக்கு முன்னாலேயே நேபாளத்துக்குள் நுழைந்தோம். காட்மாண்டு சாலையைப் பல இடங்களில் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரே புழுதி.

"இது நம்ம சாம்பலுக்கு அண்ணங்காரன் மாரி கீதேமே" என்றார் கணவர். துணியைச் சொதசொதவென்று எண்ணெயில் முக்கினார். பிழியக்கூட இல்லை.

மலை ஏறத் தொடங்கியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி நின்று யோசித்துவிட்டு நகர்ந்தது. கல் ஏற்றிய லாரிகூட எங்களை முந்திக்கொண்டு போனது. பின்சீட்டிலிருந்து நாத்தனார், "எறங்கி நடந்தா நான் முன்னால பூடுவேன் போலக்கீது" என்றார்.

வழியில் இருந்த ஒரு மெக்கானிக், ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கிற சென்சார் அழுக்காகிவிட்டது என்று சொல்லி, அதைக் கழற்றி ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்து மாட்டினார். விளக்கு அணைந்தது. வண்டி புதிது மாதிரி ஏறியது. மறுநாள் காலையில் கணவர் துணிக்கு எண்ணெய் விட்டார். மத்தியானம் விளக்கு எரிந்தது.

முக்கி முனகிக் காட்மாண்டு போய்ச் சேர்ந்தோம். அங்கே இன்னொரு மெக்கானிக், சென்சாரே போய்விட்டது என்று வேறு ஒன்றை மாட்டினார். அவர் வருவதற்குள் துணி சீட்டுக்கு அடியில் போயிருந்தது. சங்கத்தாரோடு ஸ்தூபியைச் சுற்றி வந்து, லும்பினிக்குப் புறப்பட்டோம். "புது சென்சாரு, பத்திரமா பாத்துக்கணும்" என்று கணவர் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே எண்ணெய் விட்டார். மலை இறங்கி முடிவதற்குள் மறுபடியும் அதே விளக்கு. இந்தமுறை, அடிவாரத்து ஊரின் கடைத்தெருவில் வண்டி நின்றேவிட்டது.

ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றுகொண்டிருந்தோம். சங்கத்து பஸ் வந்தது. எங்களைப் பார்த்து நிறுத்தினார்கள். ஜன்னல் முழுக்கத் தலைகள்.

தலைவர் இறங்கி வந்தார். "இன்னாம்மா, மறுபடியும் பேஜாரு பண்ணுதா? நாளைக்கு பூர்ணிமா. வண்டிய இங்கியே ஒரு ஷெட்டுல வுட்டுட்டு பஸ்ல ஏறுங்க. அப்பால வந்து எடுத்துக்கலாம்."

அவர் கெட்டவர் இல்லை. அக்கறையாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"நான் வண்டியிலதான் வருவேண்ணே."

"நீ வருவ, வண்டி வரணும்ல?" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல். பஸ்ஸே சிரித்தது.

நாத்தனார் பையைத் தூக்கிக்கொண்டார். "இவ்ளோ தூரம் வந்து லும்பினிய பாக்காம பூட முடியாதுப்பா. நான் பஸ்ல போறேன். மே, வீம்பு பண்ணாத, ஏறு."

"நீங்க போங்க அண்ணி."

"டேய், நீயாவது வாடா."

கணவர் என்னைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். "இவளையும் வண்டியையும் நடுத்தெருவுல வுட்டுட்டு எப்டிக்கா வர்றது?" என்றார்.

பஸ் கிளம்பியது. பின்கண்ணாடி வழியாகக் கையசைத்தார்கள். நான் அசைக்கவில்லை.

பக்கத்துப் பட்டறையிலிருந்து ஆட்கள் வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மெக்கானிக் என் வயதுக்காரர். சாவிக்காகக் கணவரிடம் கையை நீட்டினார். சாவி என் இடுப்பில் இருந்தது. நானே பானட்டைத் திறந்தேன். வழக்கம்போல் கணவர் துணியை உருவுவதற்கு அவசரமாகக் கையை உள்ளே விட்டார்.

"எடுக்காத, இருக்கட்டும்" என்றேன்.

"இன்னாமே? கலீஜா கீது. பாத்தா சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டுமே. நம்ம இன்னா திருட்டு சாமானா வச்சிக்கீறோம்? நம்ம ஊர்ல சாம்பல் பறக்குது, துணி போட்றோம். அந்தச் சாம்பல நீயா கொட்ன, நானா கொட்னேன்? இதுக்கு எதுக்கு நம்ம ஒளிச்சி ஒளிச்சி வைக்கணும்?"

கணவர் கையை எடுத்துக்கொண்டார். நான் அவரிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. கோளாறு அந்தத் துணியில்தான் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒளிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நாக்பூரிலிருந்தே பிடிக்கவில்லை.

மெக்கானிக் பில்டர் மூடியைத் திறந்தார். துணியை ஒரு விரலால் தூக்கினார். எண்ணெய் சொட்டியது. முகர்ந்து பார்த்துவிட்டுக் கணவரிடம் இந்தியில் ஏதோ கேட்டார். கணவர் கூச்சத்தில் திக்கித் திணறிச் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல மெக்கானிக்கின் வாய் விரிந்துகொண்டே போனது. பிறகு பில்டரைத் தாண்டிப் போகிற குழாய்க்குள் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். விரல் எண்ணெயில் மினுங்கியது.

கணவர் எனக்குச் சொன்னார். எஞ்சின் காற்றை இழுக்கும்போது எண்ணெயும் சேர்ந்து போகிறதாம். அது போய் சென்சார்மேல் படிகிறதாம். கழுவினாலும் சரி, புதிது போட்டாலும் சரி, இந்தத் துணி இருக்கும்வரை விளக்கு எரியுமாம். நம்மூரில் எண்ணெயைச் சாம்பல் குடித்துவிடுவதால் தினமும் தெரிவதில்லையாம். ஸ்டாண்டில் விளக்கு எரியும்போதெல்லாம் சாம்பலைத் திட்டிக்கொண்டே இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டோமே, அதை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

மெக்கானிக் இன்னொன்றும் கேட்டார். பட்டறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். கணவர் அதை எனக்குச் சொல்லாமல் விழுங்கினார்.

"இன்னா கேட்டாரு? சொல்லுய்யா."

"அத்த வுடுமே."

"சொல்லு."

"வண்டிக்கே துணி போட்றீங்களே, அந்த ஊர்ல மனுசங்க மூக்குல இன்னாத்த கட்டிக்கிறீங்கன்னு கேக்கறான்."

எனக்குக் காது சுட்டது. எப்போதும்போல் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பேன். ஆனால் அன்றைக்கு முடியவில்லை.

"ஒண்ணும் கட்டிக்கிறதில்லன்னு சொல்லு. வர்ற காத்த அப்டியேதான் இழுக்கறோம். இழுத்துக்கினுதான் வேலைக்குப் போறோம், புள்ளைங்கள வளக்கறோம். இழுத்துக்கினுதான் இம்மாந் தூரம் வண்டி ஓட்டிக்கினு வந்தேன்னு சொல்லு. நான் சொன்னத அப்டியே சொல்லு, நீயா கொறைக்காத."

கணவர் குறைக்கவில்லை. அவர் சொல்லி முடித்தபோது சிரிப்பு நின்றிருந்தது. மெக்கானிக் என்னை ஒருமுறை பார்த்தார். எண்ணெய் ஊறிய பில்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, குழாயைக் கழற்றிக் கழுவ ஆரம்பித்தார். புது பில்டர் மாட்டி, சென்சாரைச் சுத்தம் செய்து, என்னை உட்கார்ந்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். கணவரை அல்ல, என்னை. விளக்கு அணைந்திருந்தது.

ஊரைத் தாண்டியதும் மறுபடி புழுதிச் சாலை. கணவர் பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். "ஒரே ஒரு துணி போட்டுக்கலாமாமே? எண்ண தொட்டும் தொடாம?"

"அந்தப் பாட்டில தொட்ட, உன்ன இங்கியே எறக்கி வுட்டுடுவேன்."

இருட்டும்வரை ஓட்டி, வழியில் ஒரு லாட்ஜில் தங்கி, விடிந்ததும் கிளம்பினோம். புழுதி எழும்பியபோதெல்லாம் என் கண் மீட்டர் பக்கம் போனது. விளக்கு எரியவில்லை. எரிந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். தள்ளிக்கொண்டாவது போயிருப்பேன்.

லும்பினியில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் சங்கத்து பஸ் நின்றிருந்தது. எங்கள் ஆட்கள் வெள்ளை உடுத்திக்கொண்டு கோயிலுக்கு நடக்கத் தயாராக இருந்தார்கள். தள்ளி எவ்வளவோ இடம் காலியாக இருந்தது. நான் பஸ்ஸுக்கு ஒட்டினாற்போலக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"அட, வந்துட்டியேம்மா!" என்றார் தலைவர். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். "ஆனா திரும்பிப் போறப்ப இந்த ரிஸ்கு வேணாம். கோரக்பூர்ல ஒரு நல்ல டிரைவரா பாத்து வண்டிய அவன் கைல குடுத்துடுவோம். நீ எங்களோட ரயில்ல வந்துடு."

"டிரைவரா? அப்ப நான் யாருண்ணே?"

சத்தமாகவே கேட்டுவிட்டேன். சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"அதுக்கில்லம்மா…" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

"வண்டிய ஓட்டிக்கினு வந்தது நான். ஓட்டிக்கினு போவப்போறதும் நான்தான்."

அதற்குள் நாத்தனார் பையோடு பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தார். முகமெல்லாம் வெளுத்திருந்தது. "வழி நெடுக ஒரே வாந்தி. எவன் எவனோ மேல சாயறான்" என்று பஸ்ஸைத் திட்டிக்கொண்டே வண்டியின் பின்கதவில் கையை வைத்தார்.

"கேட்டுட்டு வைங்க அண்ணி" என்றேன்.

அவர் கை நின்றது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். அவர் தம்பி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போறப்ப உன்னோட வரட்டுமா?" என்று கேட்டார்.

"வாங்க."

பையை வாங்கி உள்ளே வைத்தேன். நான்கு கதவையும் இழுத்துப் பார்த்துப் பூட்டினேன். பிறகு, கும்பலில் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்ளாமல், முன்னால் நடந்தேன்.