தாமதத்தைப் பதிவு செய்த முருகேஸ்வரி டீச்சர்

முருகேஸ்வரி டீச்சர் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். போடியில் எங்கள் பள்ளியில் பதினோரு வருடம் அவர் தமிழ் எடுத்தார், நான் கணக்கு எடுத்தேன். அவரோடு அதிகம் சண்டை போட்டவன் நான்தான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

காலையில் கேட்டில் நின்று தாமதமாக வருபவர்களைப் பிடிப்பது என் பொறுப்பு. காரணத்தை அரைத் தாளில் எழுதிக் கொடுத்தால்தான் வகுப்புக்குள் விடுவேன். மலையில் குரங்கணிக்கு மேலேயிருந்து வரும் பாண்டீஸ்வரி, ஒன்பதாம் வகுப்பு, வாயைத் திறந்தால் மூட மாட்டாள். தாளைக் கொடுத்தால் ஒரு வரி எழுத மாட்டாள். காலாண்டுத் தேர்வில் கட்டுரைக்குக் கேள்வி எண்ணை மட்டும் போட்டு வைத்திருந்தாள். இப்படியே போனால் படிப்பை நிறுத்திவிட்டு ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கக் கூட்டிப்போய்விடுவேன் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார்.

ஒருநாள் அவள் என்னிடம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். “ஜீப்பு பஞ்சர் சார். டிரைவர் அண்ணே ஸ்டெப்னிய எறக்குனா அதுலயும் காத்து இல்ல. லோடோட எல்லாரும் எறங்கி...” அந்த வழியாக வந்த டீச்சர் நின்றார். கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார்.

“மொதல்ல இருந்து சொல்லு தாயி.”

பதிவு செய்ததை நூலகத்தில் அவளிடம் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதச் சொன்னார். தன் குரலைக் கேட்டதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “இம்புட்டா பேசுனேன் டீச்சர்?”

“பேசுனது நீதான? எழுதுறதுக்கு மட்டும் வேற ஆளா வரும்?”

மாலைக்குள் ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டாள். பிழைகள் ஏராளம். டீச்சர் அன்றைக்கு ஒன்றைக்கூடத் திருத்தவில்லை.

அதற்குப் பிறகுதான் வினை. தாமதமாக வரும் மற்றவர்கள் சொல்வதையும் டீச்சர் பதிவு செய்தார். செல்போனில் பேச ஆசைப்பட்டு, பள்ளிக்கு எதிர்வீட்டுப் பிள்ளைகள்கூடத் தாமதமாக வர ஆரம்பித்தார்கள். ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் கத்தினேன். “இது பள்ளிக்கூடமா, ரேடியோ ஸ்டேஷனா?” டீச்சர் கோபப்படவில்லை. “நேரத்துக்கு வர்ற புள்ளைககிட்டயும் பேச விஷயம் இருக்கு சார். நாமதான் கேக்கல” என்றார். மறுநாளிலிருந்து நேரத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும்தான் பதிவு. என் தாமதப் பட்டியல் பாதியாகக் குறைந்தது. அதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஏலக்காய்ச் சீசன் சூடுபிடித்த நேரத்தில் பாண்டீஸ்வரியின் அப்பா டி.சி. கேட்டு வந்தார். “எழுத வராத புள்ளைய வச்சு என்ன சார் செய்ய? எங்கூட சோலிக்காவது வரட்டும்.” உண்மையைச் சொல்கிறேன், நான் படிவத்தை எடுத்து நீட்டிவிட்டேன். டீச்சர் அந்த ஒன்றரைப் பக்கத்தைப் பாண்டீஸ்வரியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். பாதி வாசிப்பதற்குள் அப்பா குறுக்கிட்டார்.

“ஏத்தா, ஜீப்பு நின்னது பாலத்துக்கிட்ட இல்ல. அதுக்கு மேல, வளைவுல. நானும் அதுலதான வந்தேன்?”

“பாலத்துக்கிட்டதான்ப்பா!”

இருவரும் தலைமையாசிரியர் அறை வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். கடைசியில் அப்பா, “தப்புத் தப்பா எழுதாத. நாளைக்கு ஒழுங்கா மாத்தி எழுதிட்டு வந்து டீச்சர்ட்ட குடு” என்று அதட்டிவிட்டுப் போனார். அவர் கேட்டைத் தாண்டிய பிறகுதான் படிவம் மேசையிலேயே கிடப்பதைப் பார்த்தேன். அதைக் கேட்டு அவர் திரும்ப வரவே இல்லை. பாண்டீஸ்வரி இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

அடக்கம் முடிந்த மறுநாள், டீச்சர் பள்ளிக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்த பழைய பதிவுகளைக் கேட்டேன். எல்லாவற்றிலும் பிள்ளைகள்தான் பேசுகிறார்கள். டீச்சரின் குரல் தேடினாலும் கிடைக்கவில்லை. பிள்ளை திணறி நிற்கும் இடத்தில் மட்டும் மெதுவாக ஒரு வார்த்தை வருகிறது: “அப்புறம்?” பாண்டீஸ்வரியின் பதிவில் நடுவே ஓர் ஆண் குரலும் கேட்கிறது. “போதும் டீச்சர், பெல் அடிச்சாச்சு.” அது நான்.

நீங்கள் செய்ததுதான் சரி என்று அவரிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அது என்னை உறுத்துகிறது. இன்றும் கேட்டில் நான்தான் நிற்கிறேன். இன்று காலை குரங்கணிப் பிள்ளை ஒருத்தி மூச்சிரைக்க வந்து காரணத்தைச் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்ததும் பயந்து நிறுத்திக்கொண்டாள்.

“அப்புறம்?” என்றேன்.