ஆய்வகத்தில் ஆயுத பூஜை

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் பொட்டு வாங்காத பொருள் கிடையாது. கார், மிக்ஸி, லேப்டாப், என் பென்சில் பாக்ஸ் என்று அம்மா ஒன்றையும் விடமாட்டாள். அமெரிக்காவில் பேர்லேண்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். எங்களுக்குச் சோறு போடுகிற அப்பாவின் மெஷினுக்கு மட்டும் பொட்டில்லை. ஒன்பது வயதில் எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது.

அப்பா ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். கம்பெனிகள் அனுப்பும் உலோகக் கலவையை அமிலத்தில் கரைத்து, அதில் எந்த உலோகம் எவ்வளவு என்று மெஷினில் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் ஆயுத பூஜை விழுந்த சனிக்கிழமை அவசரமாக ஒரு சாம்பிள் வந்தது. அம்மா கோவிலில் சுண்டல் செய்யப் போயிருந்தாள். குழந்தைகளை அழைத்து வரக் கூடாது என்ற விதியை மீறி அப்பா என்னையும் கூட்டிப் போனார்.

"எதையும் தொடாம உக்காரணும், சரியா?"

"ஓகேப்பா."

அவர் அமிலம் எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனார். வீட்டிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த குங்குமப் பொட்டலத்தை நான் ஜாக்கெட்டிலிருந்து எடுத்தேன். மெஷின் கண்ணாடிக்குள் பூட்டிக் கிடந்தது. மேஜைமேல் ஒரு கப்பில் அன்று வந்த சாம்பிள், நிக்கல் கலவையைச் சீவிய சுருள்கள். அதற்காவது இருக்கட்டும் என்று ஒரு சிட்டிகை தூவினேன். காலடிச் சத்தம் கேட்டதும் பயந்து, சிவப்பே தெரியாமல் ஊதித் தள்ளிவிட்டேன்.

சாம்பிளில் ஈயம் தெரிந்தது. விமான எஞ்சினுக்குப் போகிற கலவை, அதில் ஈயம் இருக்கவே கூடாது. அப்பா அதே கப்பிலிருந்து மூன்று முறை செய்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். கம்பெனி வேறோர் ஆய்வகத்தில் சோதித்தது. ஈயமே இல்லை. அப்பாவின் வேலை போயிற்று. அறுபது நாளில் வேறு வேலை கிடைக்காவிட்டால் விசாவும் போய்விடும்.

"அந்தக் கப்ல நீ ஏதாவது போட்டியாம்மா?" என்று அன்று மாலை கேட்டார்.

"நோ, அப்பா."

அவர் மறுபடி கேட்கவில்லை. மலிவான குங்குமத்தில் ஈயம் கலந்திருக்கலாம் என்று எனக்கு அப்போது தெரியாது. பொய் சொன்னது மட்டும் தெரியும்.

வேலை கிடைக்கவில்லை. பெட்டி கட்டும்போது அப்பா என் ஜாக்கெட்டை உதறினார். பொட்டலம் விழுந்தது. பிரித்துப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க தப்பாச்சுன்னு தெரிஞ்சாலாவது மனசு ஆறுங்க," என்று அம்மா சமையலறையிலிருந்து அழுதுகொண்டே சொன்னாள்.

"என் கைத்தப்புதான். இனிமே அதைப் பேசாத," என்றார் அப்பா. பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கோயம்புத்தூர் வந்த பிறகு அவர் எந்த ஆய்வகத்திலும் கால் வைக்கவில்லை. நானும் இன்றுவரை வாய் திறக்கவில்லை. பெட்டி கட்டிய அன்று கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான், அப்பாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.